கழச்சிக்காய் கடல் தாண்டுமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு மணல் திட்டுல யாரும் நடாம முளைச்சு நிக்கிற தென்னம்பிள்ளையைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. சுத்தி வளைச்சுப் பாத்தா பாதிப் பேர் கேட்டது ஒரே விஷயம்தான், மனுஷன் தூக்கிட்டுப் போகாம ஒரு செடியோ ஒரு ஜீவனோ எப்படி சமுத்திரம் தாண்டிப் போய் இன்னொரு தேசத்துல குடியேறும்னு. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: தேங்காய் கடல்ல மிதந்து போய் தானா முளைக்கும்னு எழுதியிருந்தீங்க. உப்புத்தண்ணி ஏறின தோப்புல பிள்ளை கருகிப் போறதைக் கண்ணால பாத்தவங்க நாங்க, கஜா புயல்ல எங்களுக்கு மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான். அப்புறம் எப்படி உப்புக் கடல்ல கிடந்த காய் முளைக்கும்? உலகத்துல இருக்கிற தென்னை எல்லாமே அப்படி மிதந்து போனதுதானா?
- வாசகர், வேதாரண்யம்

முதல்ல உப்பு விஷயம். உங்க தோப்புல கருகினது வேர் வழியா உப்பைக் குடிச்ச கன்னு. கடல்ல மிதக்கிற காய் உப்பைக் குடிக்கிறதில்ல. வெளிய வழவழன்னு ஒரு தோல், அதுக்குள்ள காத்தை அடக்கி வச்சிருக்கிற நார், அதுக்குள்ள சிரட்டை, அதுக்கும் உள்ளதான் பருப்பும் தண்ணியும் கருவும். தாகத்துக்குத் தண்ணி, பசிக்குப் பருப்பு, ரெண்டையும் கையோட கட்டிக்கிட்டுப் போற பிரயாணி அது. கரை ஒதுங்கின இடம் பவளத்தூள் மணலா இருந்தாலும் சில மாசத்துக்கு அதுக்கு யார் தயவும் வேணாம், மழைத்தண்ணி கீழ இறங்கி உப்பைக் கழுவுற வரைக்கும் உள்ள இருக்கிறதை வச்சே ஓட்டிக்கும். 110 நாள் மிதந்த காய்கூட முளைச்சிருக்குன்னு சோதனை பண்ணிப் பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க.

ஆனா எல்லாத் தென்னையும் அப்படிப் போனதில்ல. 2011-ல உலகம் முழுக்க இருந்து 1,300-க்கு மேல தென்னை மாதிரி எடுத்து மரபணு பாத்தாங்க. ரெண்டே ரெண்டு பெரிய குடும்பமா பிரிஞ்சுது, ஒண்ணு பசிபிக் பக்கம், இன்னொண்ணு இந்தியப் பெருங்கடல் பக்கம், அதாவது தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு சுத்து வட்டாரம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா கொலம்பஸ் போன காலத்துல கரீபியன் தீவுகள்ல தென்னையே கிடையாது. இன்னைக்கு அந்த ஊர் படம்னாலே தென்னை இல்லாம இருக்காது, ஆனா அது போர்த்துகீசியர் கப்பல்ல இந்தியப் பெருங்கடல் பக்கத்துல இருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து அட்லாண்டிக் தாண்டின வம்சம். இவ்ளோ நல்லா மிதக்கத் தெரிஞ்ச காயால ஆப்பிரிக்காவோட தென் முனையைச் சுத்தி வர முடியல. அந்தப் பக்கம் குளிர்ந்த கடல், கரை ஒதுங்கினாலும் அந்தக் குளிருக்கு தென்னை பிழைக்காது. மிதக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, ஒதுங்குற இடமும் ஒத்துக்கணும், இது கீழ வர்ற எல்லா பதிலுக்கும் பொருந்தும்.

கேள்வி: அக்கா, எங்க கடற்கரையில கழச்சிக்காய் ஒதுங்கிக் கிடக்குது. கிட்டத்துல கழச்சிச் செடியே இல்ல. இது எங்கிருந்து வந்திருக்கும்?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

உங்க கடிதத்தைப் படிச்சதும் எங்க அப்பாயியோட வெத்தலைப் பெட்டிதான் ஞாபகம் வந்துச்சு. அதுல எப்பவும் ஏழெட்டு கழச்சிக்காய் கிடக்கும், சாம்பல் கலர்ல, உத்துப் பாத்தா மேல மெலிசா வளையம் வளையமா கோடு ஓடும், கையில உருட்டினா கண்ணாடி கோலி மாதிரி சத்தம் வரும். அப்பாயி அதைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு ஆடும், நாங்க தரையில பரபரன்னு தேச்சு பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கையில சூடு வைப்போம். அவ்ளோ தேச்சும் அது ஒரு நாளும் உடைஞ்சதில்ல.

அந்தக் கெட்டிதான் அதோட கப்பல். ஓடு தண்ணியை உள்ள விடாது. உள்ள பருப்பு ரெண்டு பாதியா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன வெற்றிடம், அதுல காத்து, அதனால மிதக்கும். வருஷக்கணக்குல கடல்ல கிடந்தாலும் உள்ள இருக்கிற உயிர் போகாது. வீட்ல முளைக்க வச்சுப் பாருங்க, அப்படியே மண்ணுல போட்டா பல மாசம் சும்மாவே கிடக்கும், ஒரு ஓரத்தை கல்லுல தேச்சு ஊறப் போட்டாத்தான் கண்ணு திறக்கும். கடல்ல அந்தத் தேய்ப்பை அலையும் மணலும் பண்ணும், அதுவும் கரைக்கு வந்த பிறகு.

எங்கிருந்து வந்துச்சுன்னு காயைப் பாத்து சொல்லிட முடியாது, ஏன்னா உலகத்துல வெயில் உள்ள கடற்கரை எங்க பாத்தாலும் இந்தச் செடி இருக்கு, மேற்கிந்தியத் தீவுல இருந்து பசிபிக் வரைக்கும். உங்க கரைக்கு இலங்கைப் பக்கம் இருந்தும் வந்திருக்கலாம், ரெண்டு ஊர் தள்ளி ஒரு ஓடைக்கரைப் புதர்ல இருந்தும் வந்திருக்கலாம். அட்லாண்டிக்ல வளைகுடா நீரோட்டம்னு ஒரு பெரிய ஆறு மாதிரி கடலுக்குள்ளயே ஓடுது, அது மேற்கிந்தியத் தீவு காயை எல்லாம் அள்ளிட்டுப் போய் ஸ்காட்லாந்துக்கு மேற்க இருக்கிற ஹெப்ரிடீஸ் தீவுகள்ல போடும். அங்க குளிர்ல இது முளைக்காது. ஆனா அந்த ஊர் ஜனங்க 300 வருஷத்துக்கு முன்னாடி இதைப் பொறுக்கி எடுத்து குழந்தைங்க கழுத்துல கட்டி விட்டிருக்காங்க, கண்ணேறு படாம இருக்கிறதுக்கு! எந்த மரத்துக் காய்னுகூட அவங்களுக்குத் தெரியாது, கடல் கொண்டு வந்து கொடுத்துச்சு, குழந்தைக்குக் கட்டிட்டாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு மனசு என்னவோ பண்ணிடுச்சு. நம்ம ஊர்லயும் கறுப்புக் கயித்துல எதையாவது கோத்துக் கட்டுறோம்ல.

விதை கடல் தாண்டுமான்னு முதல்ல உக்காந்து எண்ணிப் பாத்தவர்னு சார்லஸ் டார்வினைத்தான் சொல்லணும். 1855 வாக்குல வீட்லயே உப்புத்தண்ணி ஜாடியில விதையைப் போட்டு நாள் கணக்கு எழுதினார். 87 வகை விதையில 64 வகை 28 நாள் ஊறின பிறகும் முளைச்சுது, ஒண்ணு ரெண்டு 137 நாள் தாங்குச்சு. ஆனா முக்கால்வாசி விதை முழுகிடும்னும் அவரே கண்டுபிடிச்சார். அப்புறம் ஈரக் காயை விட நல்லாக் காய்ஞ்ச கிளையோட இருக்கிற காய் ரொம்ப நாள் மிதக்குதுன்னு பாத்தார். அதோட விடல. ஒரு குளத்தோரச் சேத்தை ஒரு கப் அளவு எடுத்துட்டு வந்து தன் அறையில ஆறு மாசம் மூடி வச்சு, முளைக்க முளைக்க ஒவ்வொண்ணா பிடுங்கி எண்ணினார், 537 செடி! ஒரு கப் சேத்துல! வாத்தும் கொக்கும் கால்ல அந்தச் சேத்தோடதான் பறக்குது. குளத்துச் செடி ஏன் தேசம் தேசமா ஒரே மாதிரி இருக்குங்கறதுக்கு அதுக்கு மேல பெருசா விளக்கம் வேணுமா?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கிற குரங்குகளோட முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து கடல் வழியா மிதந்து போனதுன்னு எங்க பயாலஜி மிஸ் சொன்னாங்க. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். உண்மையாவா மேடம்?
- பிளஸ் டூ மாணவர், அம்பாசமுத்திரம்

உண்மைதான் தம்பி, உங்க மிஸ் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நம்ப கஷ்டமா இருக்குங்கறது எனக்கும் புரியுது, அதனால குரங்குக்கு முன்னாடி மனுஷங்க கண்ணால பாத்த ரெண்டு கதையை சொல்றேன்.

1995 செப்டம்பர்ல கரீபியன்ல லூயிஸ், மர்லின்னு ரெண்டு புயல் அடுத்தடுத்து அடிச்சுது. அக்டோபர் 4-ம் தேதி அங்குவிலாங்கிற சின்னத் தீவோட கிழக்குக் கரையில ஒரு பெரிய மரக்குவியல் வந்து ஒதுங்குச்சு, வேரோட பிடுங்கின மரங்க, சில மரம் 30 அடி நீளம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு. அது மேல பச்சை உடும்பு மாதிரி இருக்கிற இகுவானா! 15-க்குக் குறையாம இருந்துச்சு. அந்தத் தீவுல அதுக்கு முன்னாடி அந்த இனமே கிடையாது. அனேகமா குவாதலூப் தீவுல இருந்து வந்திருக்கணும், சுமார் 300 கிலோமீட்டர். ரெண்டரை வருஷம் கழிச்சு தேடிப் போனவங்க முட்டை விடுற பருவத்துல இருந்த பொட்டையையும் பாத்தாங்க. வந்தது மட்டும் இல்ல, குடித்தனமும் பண்ண ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டாவது கதை 2004 டிசம்பர், நம்ம சுனாமிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. தான்சானியாவுல கிம்பிஜிங்கிற கடற்கரையில ஒரு ராட்சத ஆமை மெதுவா தண்ணியில இருந்து மேல ஏறி வந்துச்சு. கடலாமை இல்ல, தரையில வாழுற ஆமை, இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற அல்டாப்ரா தீவுல மட்டும் இயற்கையா இருக்கிற ஜாதி. அங்கிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல. உடம்பு வத்திப் போய் இருந்துச்சு. காலைப் பாத்தா கொட்டலசு ஒட்டி வளந்திருக்கு, படகு அடியில சொரசொரன்னு ஒட்டிக்கிட்டு இருக்குமே அதேதான். ஒரு தரை ஆமையோட கால்ல கொட்டலசு வளரணும்னா அது எத்தனை வாரம் நடுக்கடல்ல கழுத்தை நீட்டி மூச்சு விட்டுக்கிட்டே மிதந்திருக்கணும், யோசிச்சுப் பாருங்க.

இப்ப குரங்குக்கு வரேன். பெரு நாட்டு அமேசான் காட்டுப் பக்கம் சாந்தா ரோசாங்கிற இடத்துல ஆத்தங்கரைப் பாறையில இருந்து நாலு கடைவாய்ப் பல்லு கிடைச்சுது, 2020-ல அதை வெளியிட்டாங்க. 3 கோடி வருஷத்துக்கு மேல பழசு. அந்தப் பல்லோட மேடு பள்ளத்தைப் பாத்தா அதுவரைக்கும் எகிப்து, லிபியா பக்கம் மட்டுமே தெரிஞ்ச ஒரு குரங்குக் குடும்பத்தோட பல்லு. அதே இடத்துல வேற ஒரு குரங்கு வம்சத்தோட பல்லும் முன்னாடியே கிடைச்சிருக்கு, இன்னைக்கு தென் அமெரிக்காவுல இருக்கிற குரங்குங்க எல்லாம் அந்தப் பக்கத்து வம்சம். அப்போ ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை தாண்டியிருக்கு. எலி, முள்ளம்பன்றி ஜாதியில ஒண்ணும் தனியா தாண்டிப் போயிருக்கு, கினிப்பிக் எல்லாம் அதோட பேரப்பிள்ளைங்கதான்.

நடந்து போயிருக்க முடியாது, ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிஞ்சு அப்பவே 6 கோடி வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. ஆனா கடல் இவ்ளோ அகலம் இல்ல. இன்னைக்கு ரொம்பக் கிட்டத்துல அளந்தாலே 2,800 கிலோமீட்டர் வரும், அப்போ 1,500-ல இருந்து 2,000 வரைக்கும் இருந்திருக்கும்னு கணக்கு. வெள்ளக்காலத்துல பெரிய ஆறுங்க கரையையே மண்ணோட மரத்தோட பேத்து கடலுக்குத் தள்ளும், சில திட்டுல நிமிர்ந்து நிக்கிற மரமே இருக்கும். கையளவு குரங்கு, மரத்துல பழம், பூச்சி, மழை பெஞ்சா தண்ணி. அப்படி அடிச்சுட்டுப் போனதுல எத்தனை ஆயிரம் திட்டு நடுக்கடல்ல கரைஞ்சு போயிருக்கும், எத்தனை குரங்கு கூட்டத்தோட செத்திருக்கும். நமக்குக் கணக்கு தெரியறது கரை சேந்ததுக்கு மட்டும்தான். கோடி வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ சேந்தா போதும், மிச்சத்தை அதுங்களே பாத்துக்கும்.

கேள்வி: அப்போ எல்லாமே மிதந்து வந்ததுதானா? எங்க மலையில ஒரு தவளை இருக்கு, அதுக்கு சீஷெல்ஸ் தீவுல சொந்தக்காரன் இருக்கான்னு பேப்பர்ல பாத்தேன். தவளை எப்படி கடல் தாண்டும்?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

நல்ல இடத்துல மடக்கிட்டீங்க. தவளைத் தோல் உப்பைத் தாங்காது, அது தாண்டல. நிலம்தான் நகர்ந்துச்சு.

நீங்க சொல்றது அந்த ஊதா தவளை, பன்னி மூக்கு மாதிரி மூக்கு, உப்பிப் போன உடம்பு, வருஷம் முழுக்க மண்ணுக்கு அடியில கரையான் தின்னுக்கிட்டு இருந்துட்டு மழைக்கு சில நாள் மட்டும் வெளிய வரும். 2003-ல கேரளாப் பக்கம் ஒண்ணை அறிவிச்சாங்க, 2017-ல உங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்க சரிவுல இருந்து இன்னொரு இனத்தை அறிவிச்சாங்க. அங்க தென்மேற்கு மழைக்கு வெளிய வரும், உங்க ஊர்ல வடகிழக்கு மழைக்கு. அதுங்களோட கிட்டத்துச் சொந்தம் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் தள்ளி சீஷெல்ஸ்ல இருக்கிற குட்டிக் குட்டித் தவளைங்க. இந்தியா, சீஷெல்ஸ், மடகாஸ்கர் மூணும் ஒரு காலத்துல ஒரே நிலம். மடகாஸ்கர் முதல்ல கழண்டுச்சு, சுமார் 6.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி சீஷெல்ஸ் கழண்டுச்சு, மிச்சம் நம்ம நிலம் வடக்க போய் ஆசியாவுல முட்டி இமயமலையைத் தூக்குச்சு. தவளை இருந்த இடத்துலயே இருந்துச்சு, அது கீழ இருந்த பூமிதான் கப்பல்.

ஆனா தவளை கடலே தாண்டாதுன்னும் சொல்லிட முடியல. மடகாஸ்கர்ல இருந்து 300 கிலோமீட்டர் போல தள்ளி மயோட்னு ஒரு எரிமலைத் தீவு இருக்கு, கடலுக்கு அடியில இருந்து எழும்பினது, எந்த நிலத்தோடயும் எப்பவும் ஒட்டினதில்ல. அங்க ரெண்டு வகைத் தவளை இருக்கு, ரெண்டும் மடகாஸ்கர் வம்சம், ரெண்டும் அந்தத் தீவுக்குன்னே தனியா மாறிப் போன இனம். ஏதோ ஒரு மரப்பொந்துல மழைத்தண்ணிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கணும்.

கேள்வி: சிலந்தி பறக்குமா?
- வாசகி, சேலம்

பறக்கும். குட்டிச் சிலந்தி ஒரு செடி நுனியில ஏறி பின்பக்கத்தைத் தூக்கி நூலை விடும், நூல் மேல எழும்பும், சிலந்தி கூடவே போயிரும். காத்து மட்டும் இல்ல, வானத்துல எப்பவும் இருக்கிற மின்புலத்தை உணர்ந்தும் கிளம்புதுன்னு 2018-ல பிரிஸ்டல்ல சோதனை பண்ணிக் காட்டினாங்க. 1832-ல அர்ஜென்டினா கரையில இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி நின்ன கப்பலோட பாய்மரக் கயிறெல்லாம் ஆயிரக்கணக்குல சின்னச் சிவப்புச் சிலந்தி வந்து இறங்கினதை டார்வின் பாத்திருக்கார். 1883 ஆகஸ்ட்ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சு அந்தத் தீவுல புல் பூண்டு மிச்சம் இல்லாம சாம்பலா போச்சு, ஒன்பது மாசம் கழிச்சு போய்ப் பாத்தவங்க தேடித் தேடி கண்டுபிடிச்ச ஒரே உயிர் ஒரு பொடிச் சிலந்தி. வலை பின்னிக்கிட்டு இருந்துச்சாம். பிடிக்க ஒரு பூச்சிகூட இல்லாத தீவுல.

கேள்வி: அக்டோபர் மாசம் ஆனா எங்க மொட்டை மாடி மேல மஞ்சத் தட்டான் கூட்டம் கூட்டமா சுத்துது, அப்புறம் காணாம போயிருது. எங்க போகுது?
- வாசகர், தாம்பரம்

தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழைன்னு நம்ம பெரியவங்க சொன்னது சும்மா இல்ல, இந்தத் தட்டான் மழைக்குப் பின்னாடியே போற ஜாதி. முட்டை போட ஏரி, குளம் வேணாம், மழை பெஞ்சு தேங்கின குட்டை போதும், ஒண்ணரை மாசத்துக்குள்ள குட்டை வத்துறதுக்கு முன்னாடி குஞ்சு பெருசாகி றெக்கை முளைச்சு வெளிய வந்துரும்.

மாலத்தீவுல பல வருஷமா இருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு கடல் உயிரியல்காரர் ஒண்ணைக் கவனிச்சார். ஒவ்வொரு அக்டோபரும் லட்சக்கணக்குல தட்டான் வந்து இறங்குது, ஆனா அந்தத் தீவுகள்ல தட்டான் முட்டை போடுற அளவுக்கு நல்ல தண்ணியே வெளிய நிக்கிறதில்ல. அப்போ இது இங்க பொறந்தது இல்ல. வருஷா வருஷம் தேதி குறிச்சார், தென்னிந்தியாவுல முதல்ல, அப்புறம் மாலே, அப்புறம் சீஷெல்ஸ், அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்கா. மழை மேகத்தோட சேந்து நகர்ற காத்துல, ஒரு கிலோமீட்டருக்கு மேல உசரத்துல ஏறி இந்தியப் பெருங்கடலையே தாண்டுது, அங்க முட்டை போடுது, அதோட பிள்ளைங்க மழை பின்னாடி தெற்க போகுது, நாலாவது தலைமுறை போல தென்மேற்குக் காத்துல திரும்ப நம்ம பக்கம் வருது. மொத்தச் சுத்து 14,000 கிலோமீட்டருக்கு மேல வரும்னு 2009-ல எழுதினார். நம்ம விரல் நீளம்கூட இல்லாத பூச்சி! போனது திரும்புறதில்ல, அதோட பேரப்பிள்ளைங்கதான் திரும்புதுங்க, வழி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம.

அதே சமயத்துல சைபீரியாப் பக்கம் இருந்து நாகாலாந்து வழியா வர்ற அமூர் வல்லூறும் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகுது. நடுக்கடல்ல அதுக்கு சாப்பாடு இந்தத் தட்டான்தான்னு அவர் கணிப்பு. உங்க மாடி மேல சுத்துற கூட்டத்துல ஒண்ணு அடுத்த மாசம் சோமாலியாப் பக்கம் இருக்கலாம். இந்த வருஷம் அக்டோபர்ல மாடிக்குப் போனா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

கேள்வி: எங்கட பள்ளிமுனையில நிக்கிற பெருக்க மரம் அரபு வியாபாரிகள் கொண்டுவந்து வச்சதெண்டு சொல்லுவினம். அதே மாதிரி மரம் அவுஸ்திரேலியாவிலயும் நிக்குதெண்டு என்ர மகள் படம் அனுப்பியிருக்கிறா. அங்கயும் அரபுக்காரரே கொண்டுபோனவை?
- வாசகர், மன்னார்

இல்லீங்க ஐயா, ரெண்டும் வேற வேற பயணம், அதான் இதுல அழகே.

உங்க மன்னார் மரமும் இங்க தமிழ்நாட்டுல ஆனைப்புளி, பப்பரப்புளின்னு சொல்ற மரமும் ஆப்பிரிக்க இனம். இந்தியாவுல நிக்கிற மரங்களோட மரபணுவை ஆப்பிரிக்க மரங்களோட வச்சுப் பாத்திருக்காங்க, ஒரே தடவை வந்ததில்ல, பல தடவை வேற வேற கரையில இருந்து வந்திருக்கு. அந்தக் காலத்துல ரெண்டு கரைக்கும் நடுவுல ஓடின பாய்மரக் கப்பல்ல வந்த ஆளுங்களோட அது வந்திருக்கும். காய் கெட்டி ஓடு, உள்ள புளிப்பு மாவு, பல மாசம் கெடாது, கப்பல்ல போறவங்களுக்கு நல்ல சாப்பாடு.

உங்க மகள் அனுப்பின படத்துல இருக்கிறது வேற இனம். மொத்தம் 8 இனம், அதுல 6 மடகாஸ்கர்ல மட்டும், ஒண்ணு ஆப்பிரிக்காவுல, ஒண்ணு ஆஸ்திரேலியாவோட வடமேற்கு மூலையில. எட்டு இனத்தோட மரபணுவையும் முழுசா படிச்சு 2024-ல முடிவு சொன்னாங்க, பூர்வீகம் மடகாஸ்கர், அங்கிருந்து ஒரு கோடி வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கிளை ஆப்பிரிக்காவுக்கும் ஒரு கிளை ஆஸ்திரேலியாவுக்கும் காயா மிதந்து போயிருக்கு. மனுஷன்னு ஒரு ஜாதியே அப்போ பூமியில இல்ல. ஆஸ்திரேலியா பிரிஞ்சு போனது அதுக்கும் பல கோடி வருஷம் முன்னாடி, அதனால நிலத்தோட ஒட்டிப் போச்சுன்னும் சொல்ல வழியில்ல. அந்தக் காய் இந்தியப் பெருங்கடலோட முழு அகலத்தையும் தாண்டியிருக்கு. மகள்கிட்ட சொல்லுங்க, அவங்க அந்த ஊருக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க பெருக்க மரத்தோட சொந்தம் அங்க போய் குடியேறிடுச்சுன்னு.

கேள்வி: எங்க ஆத்துல காக்கா ஆழின்னு ஒரு சிப்பி வந்து தரையே தெரியாம மூடிக்கிச்சு. இறால் பிடிக்க இறங்க முடியல. இதுவும் மிதந்து வந்ததுதானா? உயிருங்க ஊர் விட்டு ஊர் போறது இயற்கைதான்னு நீங்க எழுதினா எங்களுக்கு வயிறு எரியும் மேடம்.
- வாசகி, எண்ணூர்

வயிறு எரியுறது நியாயம்தாம்மா. அது மிதந்து வரல, கொண்டு வரப்பட்டது.

சரக்கு இல்லாத கப்பல் கடல்ல தள்ளாடாம இருக்கணும்னு கிளம்புற துறைமுகத்துலயே வயித்துல கடல்தண்ணியை நிரப்பிக்கும். போய்ச் சேர்ற இடத்துல சரக்கு ஏத்தும்போது அந்தத் தண்ணியைக் கொட்டிரும். அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத அளவுல குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் கிடக்கும். காக்கா ஆழி தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரையோர சிப்பி, நம்ம பக்கம் அது வந்தது இந்த வழியாத்தான்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. கேரளாவுல அஷ்டமுடிக் காயலுக்கும் வந்திருக்கு. கொசஸ்தலை ஆத்துல அது பாய் விரிச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி கீழ இருக்கிற மண்ணை மூச்சு விட விடாது. மஞ்ச மட்டி அந்த மண்ணுக்குள்ளதான் இருந்துச்சு, இறால் அந்தச் சேத்துலதான் மேய்ஞ்சுது. வாயில பறியைக் கடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள உக்காந்து கையாலயே தடவி இறால் எடுக்கிற பொம்பளைங்களுக்கு கையும் காலும் கிழியுது, தடவுற இடத்துல எல்லாம் சேறு இல்ல, ஓட்டு விளிம்பு. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

உயிருங்க கடல் தாண்டுறது பழைய விஷயம்தான். ஆனா மேல சொன்ன குரங்கு, பெருக்க மரம், மயோட் தவளை எல்லாம் பல லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஒண்ணோ ரெண்டோ, செத்துப் பிழைச்சு வந்ததுங்க. வந்த இடத்துல இருந்த மத்த ஜீவனுக்கு அதோட பழகவும் எதிர்த்து நிக்கவும் காலம் இருந்துச்சு. கப்பல் அப்படி இல்ல, வாரா வாரம் லட்சக்கணக்குல கொண்டு வந்து அதே இடத்துல கொட்டுது, ஒரு தடவை பிழைக்கலேன்னா அடுத்த தடவை பிழைக்கும். இதுக்கு 2004-ல உலக அளவுல ஒப்பந்தம் போட்டாங்க, கப்பல் தண்ணியை சுத்தம் பண்ணித்தான் கொட்டணும்னு, அது நடைமுறைக்கு வரவே 2017 ஆயிருச்சு. சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் ஜிலேபிக் கெண்டையும் நாமளே ஆசையா கொண்டு வந்தது, இது கேக்காமயே வந்தது, பாதிப்பு ஒண்ணுதான்.

மிதக்கிறதுலயும் இப்ப புதுசா ஒரு கவலை சேந்திருக்கு. 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமியில அடிச்சுட்டுப் போன சாமான் பசிபிக் தாண்டி அமெரிக்கக் கரைக்கு வந்துச்சு, மிசாவா துறைமுகத்துல இருந்த ஒரு பெரிய மிதவை 2012 ஜூன்ல ஓரிகன் கரையில முழுசா ஒதுங்குச்சு, மேல எல்லாம் ஜப்பான் சிப்பி, பாசி, நண்டு, உயிரோட. அடுத்த அஞ்சாறு வருஷத்துக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு, மொத்தம் 289 இனம் எண்ணினாங்க. மரமா இருந்தா கடல் புழு அரிச்சு நடுவழியில கரைஞ்சிருக்கும். பிளாஸ்டிக்கும் பைபர் கிளாசும் கரையாது. பழைய காலத்துப் பயணிங்களுக்குக் கிடைக்காத தோணியை நாம கடல் முழுக்க மிதக்க விட்டிருக்கோம்.

கேள்வி: நான் ஒரு கழச்சிக்காயை எங்க ஊர் கடல்ல போட்டா அது எங்க போகும்?
- ஏழாம் வகுப்பு மாணவி, நாகப்பட்டினம்

எந்த மாசம் போடுறன்னு சொல்லுடா கண்ணு. நம்ம கிழக்குக் கரைக் கடல்ல தண்ணி வருஷம் முழுக்க ஒரே பக்கம் ஓடாது. மார்ச், ஏப்ரல்ல போட்டா கரையோரமா வடக்க போகும், சென்னை தாண்டி ஆந்திரா பக்கம். தீபாவளி கழிச்சு நவம்பர்ல போட்டா தெற்க இழுக்கும், இலங்கையோட கிழக்குக் கரையை ஒட்டிப் போகும், அங்க ஒதுங்காம தப்பிச்சிட்டா குளிர்காலத்துல இலங்கைக்குக் கீழ மேற்க ஓடுற நீரோட்டத்துல மாட்டி மாலத்தீவுப் பக்கம் போக வாய்ப்பிருக்கு. அங்க ஒரு பிள்ளை அதைப் பொறுக்கி எடுக்கலாம்.

ஒண்ணு செய்யலாமா? ரெண்டு காய் எடுத்துக்கோ. ஒண்ணை அப்பா கூடப் போய் கடல்ல விடு, தேதியை நோட்டுல எழுதி வை. இன்னொண்ணை ஒரு பாட்டில்ல கடல்தண்ணி பிடிச்சு அதுல போட்டு ஜன்னல் ஓரமா வை, வாரம் ஒரு தடவை தண்ணியை மாத்து. அது என்னைக்கு முழுகுதோ அன்னைக்கு எனக்குக் கடிதம் போடு. முழுகலேன்னா அடுத்த வருஷம் இதே மாசம் போடு, அதை இந்தப் பக்கத்துல முதல் கடிதமா போடுறேன்.